கிலோமீட்டரை மட்டும் பார்த்து விமானப் பயண நேரத்தைக் கணக்கிட முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை நெருங்கும்போதும், வெளிநாட்டுக் கல்லூரிகளில் சேர்க்கை தொடங்கும்போதும், எந்த ஊருக்கு விமானத்தில் எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம் என்ற அட்டவணைகள் பத்திரிகைகளில் வருகின்றன. கைபேசியில் தேடினாலும் உடனே கிடைக்கின்றன. அந்த எண்களை அப்படியே எடுத்துக்கொண்டு திட்டம் போடும் சேலத்துக்காரர்கள் பலர் கடைசியில் திண்டாடுகிறார்கள். அட்டவணையில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அந்த எண் எதை அளக்கிறது, எதைச் சேர்க்காமல் விடுகிறது என்று யாரும் சொல்வதில்லை. பயணச்சீட்டுத் தொழிலில் அன்றாடம் புழங்குகிறவன் என்ற முறையில் அதை விளக்க விரும்புகிறேன்.

நம் ஊரில் இது யாருக்கும் புரியாத விஷயமல்ல. சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கி.மீ.; நாமக்கல் 50 கி.மீ.க்கு மேல். இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிடிக்கிறது. 20 கொண்டை ஊசி வளைவு உள்ள மலைப்பாதைக்கும் நாற்கரச் சாலைக்கும் ஒரே வாய்பாடு போட மாட்டோம். ஆகாயத்தில் மட்டும் தூரத்தை வேகத்தால் வகுத்தால் விடை வந்துவிடும் என்று நினைக்கிறோம்.

முதலில் தூரம். அட்டவணைகளில் வருவது பெரும்பாலும் பூமி உருண்டையின் மேற்பரப்பில் இரு விமான நிலையங்களுக்கு இடையேயான மிகக் குறுகிய கோட்டின் நீளம். வீட்டில் 30 செ.மீ. விட்டமுள்ள உலக உருண்டை இருந்தால் இதை நூலாலேயே அளந்து பார்க்கலாம். அந்த அளவு உருண்டையில் 1 செ.மீ. ஏறத்தாழ 425 கி.மீ. பெங்களூரில் ஒரு முனையை வைத்து சான் பிரான்சிஸ்கோவுக்கு நூலை இழுத்துப் பிடித்தால், அது சுவரில் மாட்டும் உலகப் படத்தில் நாம் நினைப்பதுபோல் பசிபிக் கடல் வழியாகக் கிழக்கே போகாது. வடக்கே கிளம்பி, லேசாகக் கிழக்கே சாய்ந்து, இமயமலையையும் சைபீரியாவையும் தாண்டி வட துருவப் பகுதியை ஒட்டி இறங்கும். நூலின் நீளம் 33 செ.மீ.க்குச் சற்றுக் குறைவாக இருக்கும். அதாவது சுமார் 13,990 கி.மீ.

துல்லியமாக வேண்டுமானால் கால்குலேட்டர் போதும். சென்னை விமான நிலையம் வடக்கு 12.99 பாகை, கிழக்கு 80.17 பாகை. லண்டன் ஹீத்ரோ வடக்கு 51.47, மேற்கு 0.45. இரண்டு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளையும் பெருக்கி ஒரு பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். கொசைன் மதிப்புகளைப் பெருக்கி, தீர்க்கரேகைகளின் இடைவெளியான 80.62 பாகையின் கொசைனால் மறுபடி பெருக்குங்கள். இரண்டையும் கூட்டினால் 0.2748 வரும். அந்தக் கொசைன் மதிப்புக்கு உரிய கோணம் 74.05 பாகை. ஒரு பாகைக்கு 111.2 கி.மீ. என்று பெருக்கினால் சுமார் 8,235 கி.மீ. பூமி துருவங்களில் சற்றுத் தட்டையாக இருப்பதால் வரும் பிழை அரை சதவீதத்துக்குள் அடங்கிவிடும். ஒரு எச்சரிக்கை: தீர்க்கரேகைகள் மேற்கு, கிழக்கு என்று எதிரெதிர்ப் பக்கம் இருந்தால் கூட்ட வேண்டும், கழிக்கக் கூடாது. மாணவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான்.

இன்னொரு குழப்பம் மைல். விமானத் துறையில் புழங்குவது கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. சாதாரண மைல் 1.609 கி.மீ. பெங்களூர் - சான் பிரான்சிஸ்கோ தூரம் ஓரிடத்தில் 7,550 என்றும் இன்னோர் இடத்தில் 8,690 என்றும் இருந்தால் இரண்டும் சரியே. கடல் மைலைச் சாதாரண மைல் என்று நினைத்து 1.6ஆல் பெருக்குகிறவருக்கு 1,900 கி.மீ. காணாமல் போய்விடும்.

அடுத்தது, விமானம் அந்த நூல் கோட்டிலேயே பறப்பதில்லை. 2021 ஜனவரியில் ஏர் இந்தியாவின் பெண் விமானிகள் குழு சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு வட துருவம் வழியாக விமானத்தை ஓட்டி வந்தபோது, பறந்த தூரம் சுமார் 16,000 கி.மீ. என்று செய்திகள் வந்தன. குறுகிய கோட்டை விட 2,000 கி.மீ. அதிகம். இமயமலைக்கும் திபெத் பீடபூமிக்கும் மேலே நேராகப் போவதைப் பயணிகள் விமானங்கள் கூடியவரை தவிர்க்கின்றன. விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்துவிட்டால் விமானம் 10,000 அடிக்கு இறங்கியாக வேண்டும். கீழே மலையே அதைவிட உயரமாக இருந்தால் இறங்க இடமில்லை. இருக்கைக்கு மேலிருந்து தொங்கும் ஆக்சிஜன் முகமூடி பெரும்பாலான விமானங்களில் கால் மணி நேரத்துக்கு மேல் தாங்காது.

நாடுகள் வான்வெளியை மூடினாலும் தூரம் கூடும். 2022 பிப்ரவரிக்குப் பிறகு ரஷ்யா தன் வான்வெளியை ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடியதால், ஹெல்சிங்கி - டோக்கியோ பயணம் ஒன்பதரை மணி நேரத்திலிருந்து 13 மணி நேரத்தை ஒட்டி நீண்டது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் இந்திய விமான நிறுவனங்களுக்குத் தன் வான்வெளியை மூடியபோது அதிகம் அடிபட்டவை டெல்லியிலிருந்து மேற்கே போகும் விமானங்கள். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கிளம்புகிறவை அரபிக்கடல் வழியாக வளைகுடாவை நோக்கிப் போக முடிவதால் சுற்று குறைவு. பழைய அட்டவணையில் இருக்கும் நேரம் இதனாலேயே காலாவதியாகிவிடும்.

காற்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 30,000 முதல் 40,000 அடி உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஜெட் காற்றோட்டம் ஓடுகிறது. குளிர்காலத்தில் அது வலுத்து மணிக்கு 200 கி.மீ.யைத் தாண்டுவது சகஜம். விமானத்தின் வேகம் காற்றைப் பொறுத்து மணிக்கு சுமார் 900 கி.மீ. எதிர்க்காற்று 100 என்றால் தரையைப் பொறுத்து 800தான். பின்காற்று 100 என்றால் 1,000. இதே கணக்கில் 8,000 கி.மீ. தூரத்துக்குப் போக 10 மணி நேரம், திரும்ப 8 மணி நேரம். காற்றே இல்லாவிட்டால் ஒரு வழிக்கு 8 மணி 53 நிமிடம். போகவர 18 மணி நேரம் ஆகிற இடத்தில், காற்றில்லாமல் 17 மணி 46 நிமிடத்தில் முடிந்திருக்கும். எதிர்க்காற்றில் அதிக நேரம் இருப்பதால், போகும்போது இழந்தது வரும்போது முழுதாகத் திரும்பாது.

துபாய் - நியூயார்க் 11,020 கி.மீ. போக ஏறக்குறைய 14 மணி நேரம், வரப் பன்னிரண்டரை. சென்னை - லண்டனிலும் போவதற்கும் வருவதற்கும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வித்தியாசம் உண்டு. அட்டவணையில் இரண்டுக்கும் ஒரே எண் போடுவது எப்படிச் சரியாகும்?

அமெரிக்க மேற்குக் கரைக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. துபாய் - சான் பிரான்சிஸ்கோ சுமார் 13,040 கி.மீ. சிங்கப்பூர் - சான் பிரான்சிஸ்கோ சுமார் 13,600 கி.மீ. ஆனாலும் சிங்கப்பூரிலிருந்து கிழக்கே போகும் விமானம் பசிபிக் மேல் பின்காற்றைப் பிடித்துக்கொள்வதால், பறக்கும் நேரம் துபாய் வழியைவிடக் கூடுவதில்லை, பெரும்பாலும் குறைகிறது. திரும்பும்போது நிலைமை தலைகீழ். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து சிங்கப்பூர் வர 16 மணி நேரத்துக்கு மேல் ஆகும். போக ஒரு வழி, வர வேறு வழி என்று டிக்கெட் எடுக்கக் கட்டணம் இடம் கொடுத்தால், வயதானவர்களுக்கு அப்படி எடுப்பதே நல்லது.

இவ்வளவுக்கும் ஒரு நடைமுறைக் கணக்கு உண்டு. தூரத்தை மணிக்கு 850 கி.மீ. என்று வகுத்து, தரையில் உருளுவதற்கும் ஏறி இறங்குவதற்கும் 35 நிமிடம் கூட்டுங்கள். சென்னை - துபாய் 2,930 கி.மீ.க்கு 4 மணி நேரம் வரும். பெங்களூர் - சான் பிரான்சிஸ்கோவுக்கு 17 மணி வரும். சென்னை - லண்டனுக்கு 10 மணி 15 நிமிடம் வரும். மேற்கே போவதானால் அதனுடன் அரை மணி முதல் முக்கால் மணி வரை கூட்டுங்கள். கிழக்கே வருவதானால் கால் மணி முதல் அரை மணி வரை குறையுங்கள். டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் விமானம் நடைமேடையிலிருந்து நகர்வது முதல் இறங்கும் ஊரில் நிற்பது வரை. பறக்கும் நேரம் அதைவிட 20, 30 நிமிடம் குறைவு. விமானி ஒலிபெருக்கியில் சொல்வது பறக்கும் நேரம் என்பதால் டிக்கெட்டோடு ஒத்துப்போகாது. இதில் பதற ஒன்றுமில்லை.

கடிகாரக் கணக்கில்தான் படித்தவர்களும் ஏமாறுகிறார்கள். சென்னையிலிருந்து துபாயும் சிங்கப்பூரும் ஏறக்குறைய ஒரே தூரம், இரண்டும் 2,930 கி.மீ.யை ஒட்டி. காலை 10 மணிக்கு இரண்டு விமானங்கள் கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். இரண்டும் 4 மணி நேரமே பறந்தாலும், துபாய் டிக்கெட்டில் இறங்கும் நேரம் பகல் 12.30 என்று இருக்கும். சிங்கப்பூர் டிக்கெட்டில் மாலை 4.30 என்று இருக்கும். துபாய் நமக்கு ஒன்றரை மணி பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி முன்னால். கிளம்பும் நேரம், இறங்கும் நேரம் இரண்டும் அந்தந்த ஊர்க் கடிகாரப்படி அச்சாகும். நேரடியாகக் கழித்தால் ஒன்று இரண்டரை மணி, மற்றது ஆறரை மணி என்று தெரியும். இரண்டுமே தவறு.

சரியான முறை எளிது. இரண்டு நேரங்களையும் இந்திய நேரத்துக்கு மாற்றிவிட்டுப் பிறகு கழியுங்கள். ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவில் 9ஆம் தேதி இரவு 8.30க்குக் கிளம்பி 11ஆம் தேதி விடிகாலை 3.45க்குப் பெங்களூரில் இறங்கும் டிக்கெட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பார்வைக்கு 31 மணி 15 நிமிடம். ஆனால் குளிர்காலத்தில் சான் பிரான்சிஸ்கோ நமக்குப் பதிமூன்றரை மணி பின்னால். கிளம்பும் நேரம் இந்தியக் கணக்கில் 10ஆம் தேதி காலை 10 மணி. அங்கிருந்து 11ஆம் தேதி 3.45 வரை 17 மணி 45 நிமிடம். அவ்வளவுதான் பயணம்.

இந்தப் பதிமூன்றரை ஆண்டு முழுக்க மாறாமல் இருப்பதில்லை. அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறு அன்று கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறு அன்று பின்னே தள்ளுகிறது. பிரிட்டனும் ஐரோப்பாவும் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் செய்கின்றன. நாமும் துபாயும் சிங்கப்பூரும் தொடுவதே இல்லை. 2026இல் அமெரிக்கா மாறுவது மார்ச் 8. ஐரோப்பா மாறுவது மார்ச் 29. இடைப்பட்ட மூன்று வாரம் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் வழக்கமான 5 மணி வித்தியாசம் 4 ஆகிவிடும். இதை ஒட்டிய வாரங்களில் விமான நேரங்கள் மாறும். இணைப்பு விமானத்துக்கு இருந்த இடைவெளியும் மாறக்கூடும். பல மாதம் முன்பே டிக்கெட் எடுத்தவர்கள் மார்ச், அக்டோபர், நவம்பர் பயணமானால் ஒரு வாரம் முன்னால் நேரத்தை மறுபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதைவிட அதிகம் பேர் தவறுவது தேதியில். சென்னையிலும் பெங்களூரிலும் வெளிநாட்டு விமானங்கள் நள்ளிரவுக்கும் விடிகாலைக்கும் இடையில்தான் நிறையக் கிளம்புகின்றன. 15ஆம் தேதி 2.30 என்று டிக்கெட்டில் இருந்தால் சேலத்தில் வண்டி ஏற வேண்டியது 14ஆம் தேதி மாலை. 15ஆம் தேதி ராத்திரி என்று எடுத்துக்கொண்டு, விமானம் போய் முக்கால் நாள் கழித்துக் கிளம்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இனி, அட்டவணை ஒருபோதும் சொல்லாத நம் ஊர்ப் பகுதி. பெங்களூர் விமான நிலையம் சேலத்திலிருந்து சுமார் 240 கி.மீ.; சென்னை 330 கி.மீ.யை ஒட்டி. 90 கி.மீ. மிச்சம் என்று பெங்களூரைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். பெங்களூர் நிலையம் நகரத்துக்கு வடக்கே, தேவனஹள்ளியில் இருக்கிறது. ஓசூர், அத்திப்பள்ளி, சில்க் போர்டு, ஹெப்பால் என்று நகரத்தை முழுதாகக் கடந்தாக வேண்டும். மாலை 5 மணிக்குச் சேலத்தில் கிளம்பினால் நெரிசலின் நடுவில்தான் உள்ளே நுழைவோம். வழியில் தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்திருந்தால் எத்தனை நேரம் நிற்க வேண்டும் என்று யாராலும் சொல்ல முடியாது. சென்னை நிலையமோ மீனம்பாக்கத்தில், நாம் போகும் பக்கத்திலேயே வந்துவிடுகிறது. ஆத்தூர், உளுந்தூர்பேட்டை, திண்டிவனம் வழியாகப் போனால் நகருக்குள் நுழையத் தேவையில்லை. தொல்லை தருவது செங்கல்பட்டு - தாம்பரம் பகுதிதான். ஞாயிறு மாலை ஊர் திரும்பும் கூட்டத்தில் மாட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டால் போதும். பெங்களூருக்கு ஐந்தரை மணி, சென்னைக்கு ஆறு மணி என்று வைத்துக்கொண்டு, இரண்டிலும் ஒரு மணி நேரம் கையிருப்பு வைப்பது என் யோசனை. ஏற்காடு, நாகலூர் பக்கமிருந்து வருகிறவர்கள் மலை இறங்க இன்னொரு மணி நேரம் சேர்க்க வேண்டும். மழை இரவானால் இன்னும் கூடுதல். ரயிலில் சென்னை சென்ட்ரல் வந்து மெட்ரோ பிடித்தால் முக்கால் மணியில் விமான நிலையம். சாலை நிலவரத்தைப் பற்றிய கவலை இல்லை என்பதால் பகல் ரயிலில் போய்விடுவது பத்திரம்.

சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போகிறவர்கள் திருச்சியையும் கோவையையும் முதலில் பார்க்க வேண்டும். திருச்சி மூன்று மணிப் பயணம், கோவை அதற்குள். சிங்கப்பூர் போகத் திருச்சிக்கு 3 மணி, காத்திருக்க 3 மணி, பறக்க நாலேகால் மணி என்று பத்தேகால் மணியில் முடிகிறது. சென்னை வழியாகப் போனால் அதுவே பதிமூன்று மணியைத் தாண்டும். டிக்கெட் விலையில் சில நூறு ரூபாய் வித்தியாசத்தைப் பார்க்கிறவர்கள், சென்னைக்கு ஆகும் வாடகைக் காரின் செலவையும் எழுதிக் கூட்டிப் பார்க்கட்டும்.

நம் காமலாபுரம் விமான நிலையத்திலிருந்து கிளம்பும் சிறிய ஏ.டி.ஆர். விமானத்தைப் பிடித்துப் பெங்களூர் போய், அங்கிருந்து வெளிநாட்டு விமானம் ஏறலாமா என்றும் கேட்கிறார்கள். பெங்களூருக்கு ஆகாய வழியில் 160 கி.மீ.யைச் சற்று ஒட்டிய தூரம்தான், ஆசை நியாயமானது. ஆனால் இரண்டு பயணமும் ஒரே பி.என்.ஆரில் இருக்க வேண்டும். தனித்தனி டிக்கெட்டானால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததை விட்டால் பொறுப்பு முழுக்கப் பயணியுடையது. பெட்டியும் நேராகப் போகாது. எடுத்து மறுபடி பதிவு செய்ய வேண்டும். எடையிலும் இடிக்கும். உள்நாட்டு எகானமி டிக்கெட்டில் பொதுவாக 15 கிலோ. அமெரிக்கா போகும் பல டிக்கெட்டுகளில் 23 கிலோ வீதம் இரண்டு பெட்டி. மீதி 31 கிலோவுக்கு உள்நாட்டுப் பகுதியில் தனியாகப் பணம் கட்ட நேரும். தனித்தனியாகத்தான் எடுக்க முடியும் என்றால் நடுவில் குறைந்தது ஆறு மணி நேரம் விட வேண்டும். விலை கொஞ்சம் குறைகிறதே என்று மூன்று மணி நேரத்தில் இணைப்பு எடுக்கக் கூடாது.

அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரிலேயே குடிவரவுச் சோதனை முடித்து, பெட்டியை எடுத்து, சுங்கம் தாண்டி, உள்நாட்டு விமானத்துக்கு மறுபடி ஒப்படைக்க வேண்டும். அதற்கு மூன்று மணி நேரமாவது வேண்டும். அபுதாபி வழியாகப் போனால் அந்தச் சோதனை அபுதாபியிலேயே முடிந்து, அமெரிக்காவில் உள்நாட்டுப் பயணிபோல் இறங்கலாம். ஆனால் அதற்கான நேரத்தை அபுதாபி இடைவெளியில் ஒதுக்க வேண்டும்.

தங்கள் நாளிதழுக்கு என் வேண்டுகோள் இவை. அடுத்த முறை இத்தகைய அட்டவணை வெளியிடும்போது போகும் நேரம், வரும் நேரம் இரண்டையும் தனித்தனியாகப் போடுங்கள். தூரம் எந்த அலகில் என்று எழுதுங்கள். எந்த மாதத்துக் கணக்கு என்றும், அந்த ஊர்க் கடிகாரம் நமக்கு எத்தனை மணி முன்னால் அல்லது பின்னால் என்றும் ஒரு பத்தி சேருங்கள். சேலம் பதிப்பிலாவது சென்னை, பெங்களூர், கோவை, திருச்சி நான்கு நிலையங்களுக்கும் இங்கிருந்து ஆகும் சாலை நேரத்தைப் பக்கத்தில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
பயணச்சீட்டுத் தொழிலில் இருக்கும் வாசகர்,
அஸ்தம்பட்டி, சேலம்.